கத்தரிக்காய் சுட ஒரு நெருப்பு

எங்கள் புது வீட்டுச் சமையலறையில் நெருப்பு கிடையாது. மெல்பர்னின் தென்கிழக்கு ஓரத்தில், கிளைடு பக்கம் வீடு கட்டிக் குடிவந்து சில மாதங்கள் ஆகின்றன. விக்டோரியா மாநிலத்தில் 2024 ஜனவரி 1-க்குப் பிறகு திட்ட அனுமதி கேட்கிற புது வீடுகளுக்குக் குழாய் எரிவாயு இணைப்பு இல்லை. முழுக்க மின்சாரம்தான். எங்கள் மனை அந்த விதிக்குள் வந்துவிட்டது. இண்டக்‌ஷன் அடுப்பைக் குறை சொல்ல மாட்டேன். சோறு, சாம்பார், பொரியல் எல்லாம் சீக்கிரம் ஆகிறது, சமையலறையும் சூடாவதில்லை. ஆனால் அப்பளம் சுட முடியாது. புல்கா உப்பாது. கத்தரிக்காய் சுட வழியே இல்லை.

நான் சிதம்பரத்துக்காரி. சம்பா சாதமும் கொத்சும் எங்கள் ஊர்ப் பெயரோடு ஒட்டிக்கொண்டவை. கொத்சுவுக்கு வீட்டுக்கு வீடு ஒரு கைப்பக்குவம் உண்டு. எங்கள் வீட்டில் கத்தரிக்காயைத் தணலில் சுட்டு, தோலுரித்து, மசித்துத்தான் செய்வோம். இங்கே ஓவனில் 220 டிகிரியில் நாற்பது நிமிஷம் வைத்துப் பார்த்தேன். வெந்தது, சுடவில்லை. தோல் கருகி வெடித்து, அந்தப் புகை சதைக்குள் இறங்கினால்தானே அது சுட்ட கத்தரிக்காய்! முதல் வாய் வைத்ததும் இவர், "நல்லாத்தான் இருக்கு, ஆனா இது கொத்சு இல்ல" என்றார். சரியாகத்தான் சொன்னார்.

அப்போதுதான் கராஜில் போர்வை போர்த்திக் கிடந்த பப்பூவின் பார்பிக்யூ நினைவுக்கு வந்தது.

இதற்கு முன் கிளேட்டனில் ஏழு வருஷம் வாடகை வீட்டில் இருந்தோம். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கிரேக்கத் தம்பதி. 'பப்பூ' என்றால் கிரேக்க மொழியில் தாத்தா. என் மகன் அப்படிக் கூப்பிடப் போய், நாங்களும் அப்படியே கூப்பிடத் தொடங்கிவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எலுமிச்சையும் ஓரிகானோவும் தடவிய கோழியோ கணவாயோ சுடுகிற வாசனை வரும். கொஞ்ச நேரத்தில் வேலிக்கு மேலே ஒரு தட்டும் வரும். எங்கள் பக்கத்திலிருந்து மசால்வடையோ பாயசமோ போகும். அந்த அம்மா இறந்த பிறகு அவர் பார்பிக்யூவைத் தொடவேயில்லை. இரண்டு குளிர்காலம் அது கொட்டகையில் கிடந்தது. மகள் வீட்டுக்குக் குடிபோகும்போது என்னைக் கூப்பிட்டு, "அங்கே மாடி வீடு, இதை வைக்க இடமில்லை. நீ வைத்துக்கொள். தூக்கி மட்டும் போட்டுவிடாதே" என்றார்.

அது வெபர் பேபி க்யூ. வேறு நாடுகளில் க்யூ 1000 என்ற வரிசையில் விற்பது இங்கே இந்தச் செல்லப்பெயரில் அறியப்படுகிறது. ஒரே பர்னர், மேசைமேல் வைக்கிற அளவு, சுமார் 43-க்கு 32 சென்டிமீட்டர் சமைக்கும் இடம். மூடியைத் திறந்ததும் பழைய கொழுப்பு சிக்குப்பிடித்த வாடை முகத்தில் அடித்தது. இவர் எட்டிப் பார்த்துவிட்டு, "புதுசே வாங்கிடலாமே, எதுக்கு இந்த வேலை?" என்றார். நான் மூடியைத் தட்டிக் காட்டினேன். கெட்டியான வார்ப்பு அலுமினியம். கீழ்ப்பெட்டியும் அதே. இரண்டிலும் ஒரு பொட்டுத் துரு இல்லை, இரும்பு இல்லாத இடத்தில் துருவுக்கு வேலையும் இல்லை. பார்பிக்யூவில் உடம்பு நன்றாக இருந்தால் மற்றதெல்லாம் மாற்றக்கூடியது. தேய்வது மூன்றுதான்: சுடுகிற தட்டு, பர்னர், கேஸ் ஹோஸ். மூன்றும் தனித்தனியாகக் கிடைக்கும். எல்லாம் முடிந்து கணக்குப் பார்த்தபோது, புதியதின் விலையில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். மூடியின் உட்புறம் கறுப்புச் செதில் செதிலாக உரிந்து தொங்கியது. பெயிண்ட் உரிந்து சாப்பாட்டில் விழுகிறது என்று பயந்து இதைப் பார்த்தே பலர் பார்பிக்யூவைக் கழித்துவிடுகிறார்கள். அது பெயிண்ட் இல்லை. கொழுப்பும் புகையும் படிந்து படிந்து கரியானது. மழுங்கலான பிளாஸ்டிக் கரண்டியால் தள்ளினாலே பொலபொலவென்று உதிர்ந்தது.

இங்கே ஒரு தப்பு செய்தேன், நீங்கள் செய்யாதீர்கள். அவசரத்தில் ஓவன் கழுவும் ஸ்ப்ரே ஒன்றை மூடியின் ஒரு மூலையில் அடித்துவிட்டேன். அந்த மாதிரி ஸ்ப்ரேக்களில் பலவற்றில் காஸ்டிக் சோடா இருக்கும். இரும்புக்கும் எனாமலுக்கும் அது சரி. அலுமினியத்தோடு சேர்ந்தால் அதையே அரித்து, ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். சின்னச் சின்னக் குமிழி எழும்புவதைப் பார்த்ததும் ஓடிப்போய்த் தண்ணீர் விட்டு அலசினேன். உள்ளங்கை அளவுக்கு வெளுத்த தழும்பு ஒன்று நிலைத்துவிட்டது. உபயோகத்துக்கு ஒன்றுமில்லை, ஆனால் பார்க்கும்போதெல்லாம் உறுத்துகிறது. வெந்நீர், பாத்திரம் கழுவும் சோப்பு, நைலான் நார், பொறுமை. இது நாலும் போதும்.

கீழ்ப்பெட்டியின் அடியில் கொழுப்பு வடிந்து போக ஒரு துளை உண்டு. அதற்குக் கீழே எண்ணெய் பிடிக்கும் தட்டு. துளை அடைத்துப் பெட்டிக்குள் விரல்கடை உயரத்துக்குக் கொழுப்பு உறைந்திருந்தது. இதை அலட்சியப்படுத்தக் கூடாது. பார்பிக்யூவில் பெரிய தீ கேஸால் மட்டும் வருவதில்லை, தேங்கிய கொழுப்பாலும் வருகிறது. அப்படிப் பற்றிக்கொண்டால் கைக்கு எட்டினால் கேஸை மூடிவிட்டு விலகி நிற்க வேண்டும். தண்ணீர் ஊற்றவே கூடாது, எரிகிற எண்ணெய் தெறித்து ஆளையே சுட்டுவிடும்.

சுடுகிற தட்டு எனாமல் பூசிய வார்ப்பிரும்பு. நாலைந்து இடத்தில் எனாமல் சில்லு பெயர்ந்து உள்ளே துரு தெரிந்தது. தோசைக்கல்லைப் பழக்கியவர்களுக்கு இதில் சொல்லித்தர ஒன்றுமில்லை. துருவைத் தேய்த்து எடுத்து, கழுவி, உடனே துடைத்துக் காயவைத்து, மெல்லிசாக எண்ணெய் தடவிச் சூடேற்றினால் எண்ணெய் இறுகி ஒரு தோல் மாதிரி படியும். மூன்று தடவை செய்தேன். தட்டு பிழைத்துவிட்டது.

தேய்க்கிற பிரஷ் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். கம்பி மயிர் வைத்த மலிவு பிரஷ்ஷை நான் வீட்டுக்குள் விடுவதில்லை. அதிலிருந்து ஒரு கம்பி கழன்று தட்டில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த நாள் கோழியோடு சேர்ந்து தொண்டைக்குள் போகும். அமெரிக்காவின் ராட் ஐலண்ட் மாநிலத்தில், பிராவிடன்ஸ் நகரில் 2011 மார்ச்சிலிருந்து 2012 ஜூனுக்குள் இப்படிக் கம்பியை விழுங்கிய ஆறு பேர் சிகிச்சைக்கு வந்ததை அந்த நாட்டு நோய்த்தடுப்பு மையம் 2012-இல் பதிவு செய்திருக்கிறது. தொண்டையில் குத்தியவர்களும் உண்டு, குடலில் துளை விழுந்தவரும் உண்டு. குழந்தைகள் சாப்பிடுகிற வீட்டில் இந்த ஆபத்தை ஏன் வைத்திருக்க வேண்டும்? தட்டு சூடாக இருக்கும்போதே கசக்கிய அலுமினியத் தாளை இடுக்கியில் பிடித்துத் தேய்த்தால் போதும். இல்லை, பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தித் தேய்க்கலாம். தோசைக்கல்லுக்குச் செய்வதுதானே!

இனி பர்னர். இந்த வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான்.

பர்னரைப் பிடித்திருந்த திருகாணி துருவேறி அசையவில்லை. துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விட்டேன். காலையில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தித் திருப்பினேன், 'கிறீச்' என்று ஒரு சத்தம், பிறகு வழிக்கு வந்தது. வெளியே எடுத்த பர்னர் குழாய் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஓட்டைகள் சிலவற்றில் கரி அடைத்திருந்தது, அதைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் எடுத்துவிட்டேன். பிறகு குழாயின் வாய்ப்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஏதோ. நீளமான பாட்டில் பிரஷ்ஷை விட்டுச் சுழற்றி இழுத்ததும் கட்டை விரல் அளவுக்கு ஒரு சிலந்திக்கூடு உருண்டு வந்து விழுந்தது. மகன் இரண்டடி பின்னால் போனான். கையுறை போட்டிருந்தேன். இந்த ஊரில் ரெட்பேக் என்ற விஷச் சிலந்தி வெளியில் கிடக்கிற சாமான்களுக்கு அடியில்தான் குடியிருக்கும், வெறும் கையை விடக் கூடாது.

சிலந்தி அங்கே எதற்குப் போகிறது? இருட்டு, ஒதுக்குப்புறம் என்பது ஒரு காரணம். எரிபொருள் வாடை சில சிலந்திகளை இழுக்கிறது என்றும் சொல்கிறார்கள். 2011-இல் ஒரு ஜப்பானியக் கார் நிறுவனம் வட அமெரிக்க மார்க்கெட்டுக்கு விற்ற சுமார் 65,000 கார்களைத் திரும்ப அழைத்தது. பெட்ரோல் ஆவி போகும் குழாயில் ஒருவகை மஞ்சள் சிலந்தி வலை பின்னியதுதான் காரணம்.

அந்தக் கூடு செய்கிற தீங்கைப் புரிந்துகொள்ள வேண்டும். நம் வீட்டு கேஸ் அடுப்பிலும் இதே ஏற்பாடுதான். ஜெட் என்கிற ஊசித்துளை வழியாக கேஸ் பீறிட்டு வரும். வருகிற வேகத்தில் பக்கத்திலிருக்கும் காற்றையும் குழாய்க்குள் இழுத்துக்கொண்டு போகும். கேஸும் காற்றும் சரியாகக் கலந்தால் சுடர் நீலம். வழியில் கூடு அடைத்தால் காற்று குறையும், சுடர் மஞ்சளாகிச் சோம்பி ஆடும், பாத்திரத்தில் கரி பிடிக்கும். ரொம்ப அடைத்தால் கேஸ் பின்வாங்கிக் குழாயின் வாயிலேயே, உங்கள் கை இருக்கிற திருகுக்குப் பக்கத்திலேயே, பற்றிக்கொள்ளும். எங்கள் அப்பா பம்ப் ஸ்டவ்வுக்கு எப்போதும் ஒரு பின் வைத்திருப்பார். அந்தப் பழக்கத்தில் ஜெட் துளையைக் கம்பியால் குத்த என் கை போனது. கூடாது. துளை மயிரளவு பெருத்தாலும் கேஸ் கூடுதலாக வரும், கலவை கெட்டுவிடும். ஜெட் அடைத்திருந்தால் ஊதிப் பார்க்கலாம், சரிவராவிட்டால் மாற்றிவிட வேண்டும்.

அடுத்தது ஹோஸ். மடக்கிப் பார்த்தேன், ரப்பரில் நரம்பு நரம்பாக வெடிப்பு. யோசிக்கவே இல்லை, ரெகுலேட்டரோடு சேர்த்துப் புதிதாக வாங்கினேன். ஆஸ்திரேலியாவில் இப்போது சிலிண்டர் இணைப்பு மாறிவருகிறது. பழையது இடப்பக்கம் திருப்பி முடுக்குகிற மாதிரி. புதியது வலப்பக்கம், கையாலேயே முடுக்கலாம், சரியாகப் பொருந்தாமல் கேஸ் திறக்காது. புது சிலிண்டரில் பழைய ரெகுலேட்டர் பொருந்தும், பழைய சிலிண்டரில் புது ரெகுலேட்டர் பொருந்தாது. கடைக்குப் போகுமுன் உங்களிடம் இருப்பது எது என்று படம் எடுத்துக்கொண்டு போங்கள். சிலிண்டரின் கழுத்தில் சோதனைத் தேதி அடித்திருக்கும், பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தால் நிரப்பித் தர மாட்டார்கள்.

மாட்டியதும் நேராகப் பற்றவைக்காதீர்கள். சோப்பும் தண்ணீரும் சரிபாதி கலந்து, பர்னர் திருகு மூடியிருக்க சிலிண்டரை மட்டும் திறந்து, இணைப்பு ஒவ்வொன்றிலும் பிரஷ்ஷால் தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு. எனக்கு ரெகுலேட்டர் முனையில் ஒரு குமிழி மெதுவாக, கடுகளவிலிருந்து பட்டாணியளவுக்கு வளர்ந்தது. மூடிவிட்டு, கழற்றி, துடைத்து, திரும்பவும் முடுக்கித் தடவினேன். இந்தத் தடவை ஒன்றும் வரவில்லை. இதற்கு ஒரு நிமிஷம்தான் ஆகிறது. எல்பிஜி காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம். கசிந்தால் மேலே கலைந்து போகாது, தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். இதனால்தான் கராஜுக்குள் வைத்துப் பற்றவைக்கவே கூடாது. கார்பன் மோனாக்ஸைடு வேறு இருக்கிறது.

சாயங்காலம் கொல்லைப்புறத்தில் வைத்து, மூடியைத் திறந்துவிட்டு, பொத்தானை அழுத்தினேன். 'டக்'. பேட்டரி இல்லை, உள்ளே ஒரு படிகத்தைச் சின்னச் சுத்தியல் தட்ட, அதிலிருந்து பொறி வருகிறது. மூன்றாவது 'டக்'குக்குப் பற்றிக்கொண்டது. "அம்மா, முழுக்க நீலம்!" என்று மகன் கத்தினான். ஓட்டைக்கு ஓட்டை பல்வரிசை மாதிரி நீலச்சுடர் நின்றது. என் வீட்டில் நெருப்பு எரிந்து எத்தனை மாதம் ஆகிறது என்று அப்போதுதான் உறைத்தது.

படத்தை வாட்ஸப்பில் போட்டதிலிருந்து தோழிகள் கேட்பது ஒன்றுதான்: புதிதாக வாங்கினால் எதைப் பார்த்து வாங்குவது? பிரித்து மேய்ந்த அனுபவத்தில் சொல்கிறேன். கடையில் எத்தனை பர்னர் என்று எண்ணாதீர்கள். தேய்கிற மூன்று பாகமும் தனியாகக் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். கடைக்காரர் பதில் சொல்லத் தடுமாறினால் அடுத்த கடைக்குப் போங்கள். மெல்லிய தகரத்தில் பெயிண்ட் அடித்து, பளபளவென்று நாலு பர்னரோடு மலிவாக நிற்கும். இரண்டு மழைக்காலத்தில் அடித்தகடு ஓட்டையாகிவிட்டால், அதற்கு மாற்றுப் பாகமே இருக்காது.

"சின்னது சூடு பத்தாதே" என்பது அடுத்த சந்தேகம். மொத்தச் சூட்டைப் பார்க்காமல், இடத்தால் வகுத்துப் பாருங்கள். அமெரிக்கக் கணக்கில் க்யூ 1000 மணிக்கு 8,500 பிடியு, இடம் 189 சதுர அங்குலம். சதுர அங்குலத்துக்கு 45. அடுத்த பெரியது க்யூ 2000, 12,000 பிடியு, 280 சதுர அங்குலம். வகுத்தால் 43தான். சின்னதில் கொஞ்சம் பேருக்குத்தான் சமைக்கலாம், சூடு கம்மி இல்லை. கேஸும் குறைவாகவே குடிக்கும். முழுச் சுடரில் மணிக்கு ஏறக்குறைய 180 கிராம், 4 கிலோ சிலிண்டர் இருபது மணி நேரத்துக்கு மேல் வரும்.

மூடி ரொம்ப முக்கியம். வெபர் நிறுவனத்தின் முதல் உருண்டை அடுப்பே மூடிக்காகப் பிறந்ததுதான். 1952-இல் சிகாகோவில், உலோக மிதவைகள் செய்த பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன், திறந்த அடுப்பில் காற்று படுத்தும் பாட்டைத் தாங்காமல், மிதவையை இரண்டாக வெட்டிப் பாதியை அடுப்பாகவும் பாதியை மூடியாகவும் ஆக்கினார். மெல்பர்ன் காற்றுக்கும் அதே பதில்தான். மூடினால் மேல்சூடும் கிடைக்கும், அது ஓவன் மாதிரி.

ஒற்றை பர்னரின் குறையையும் சொல்லிவிட வேண்டும். ஒரு பக்கம் கடும் சூடு, மறுபக்கம் மிதம் என்று பிரித்து வைத்துச் சமைக்க முடியாது. முழுக்கோழி வாரம்தோறும் செய்கிறவர் என்றால் இரண்டு பர்னர் உள்ளதைப் பாருங்கள். சின்ன பியூட்டேன் டப்பா மாட்டுகிறவற்றை நான் எடுக்க மாட்டேன். பியூட்டேன் பூஜ்ஜியத்துக்கு அரை டிகிரி கீழேயே கொதிப்பது, இந்த ஊர்க் குளிர்காலக் காலையில் சுடர் சுணங்கிவிடும். புரொப்பேன் மைனஸ் 42 வரை தாக்குப்பிடிக்கும். இன்னொன்று, இங்கே குழாய் கேஸுக்குச் செய்ததையும் சிலிண்டருக்குச் செய்ததையும் நீங்களே மாற்றி மாட்டாதீர்கள். குழாயில் 1.13 கிலோபாஸ்கல், சிலிண்டர் ரெகுலேட்டரில் 2.75. ஜெட் துளையே வேறு. உரிமம் பெற்ற கேஸ்காரர்தான் செய்ய வேண்டும். கோவையிலிருந்து தம்பி, "அடுத்த தடவ வரும்போது எனக்கு ஒண்ணு கொண்டாக்கா" என்றான். வேண்டாம் என்றுவிட்டேன். நம்மூர் சிலிண்டர் வால்வு வேறு, ரெகுலேட்டர் வேறு, அங்கேயே செய்து அங்கேயே பாகம் கிடைப்பதுதான் அவனுக்கு நல்லது.

வெயில் காலத்தில் முழுத் தீத்தடை அறிவிக்கிற நாளில் கரி அடுப்பு கூடாது. வீட்டில் கேஸ் பார்பிக்யூவுக்கு விக்டோரியாவில் அனுமதி உண்டு, ஆனால் சுற்றி 3 மீட்டருக்குப் பற்றக்கூடியது எதுவும் இருக்கக் கூடாது, தண்ணீர் வரும் ஹோஸோ குறைந்தது 10 லிட்டர் தண்ணீரோ பக்கத்தில் வேண்டும், பெரியவர் ஒருவர் கூடவே நிற்க வேண்டும்.

சமைக்குமுன் ஒரு சோதனை செய்தேன். தட்டைப் பத்து நிமிஷம் சூடேற்றி, ரொட்டித் துண்டுகளை இடைவெளியில்லாமல் பரப்பி, ஒரு நிமிஷத்தில் திருப்பிப் பார்ப்பது. எங்கே கருகியிருக்கிறதோ அங்கே சூடு அதிகம். பின்பக்க இடது மூலைத் துண்டு மட்டும் நன்றாகக் கறுத்திருந்தது, நடுவில் பொன்னிறம். படம் எடுத்து பப்பூவின் மகளுக்கு அனுப்பினேன். அன்றைக்கு ராத்திரியே பப்பூ கூப்பிட்டார்.

"பின்னால் இடது மூலைதானே?"

"ஆமாம் பப்பூ. பர்னரை ஒழுங்காகத்தான் சுத்தம் செய்தேன்..."

"நீ எத்தனை சுத்தம் செய்தாலும் அது அப்படித்தான். அவள் அந்த இடத்தில் எலுமிச்சையைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்து வைப்பாள். வேறு எதையும் வைக்க விடமாட்டாள்."

மறுநாள் நாலு கத்தரிக்காயில் எண்ணெய் தடவி, கத்தி நுனியால் இரண்டு கீறல் போட்டு, நடுத்தட்டில் வைத்து மூடினேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை திருப்பி, அரை மணியில் தோல் கருகிச் சுருங்கி, காம்புப் பக்கம் சாறு கசிந்தது. மூடிய பாத்திரத்தில் கொஞ்ச நேரம் வைத்ததும் தோல் பட்டையாக உரிந்துவந்தது. கொத்தமல்லி விதையும் மிளகாய் வற்றலும் வறுத்த பொடி ஏற்கெனவே தயார். இவர் ஒரு வாய் எடுத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இன்னும் கொஞ்சம் சாதம் போட்டுக்கொண்டார்.

இடது மூலையில் எலுமிச்சை வைத்திருந்தேன். கோழி இல்லாவிட்டாலும் வைத்தேன்.